நாம் வாழும் ஊரை அறிவோம்: கொடிகாமம்



நிவாரண அட்டை தொடக்கம் வீட்டுத்திட்டப் படிவம் வரை எத்தனையோ படிவங்களை நாம் நிரப்பியிருக்கின்றோம். ஒவ்வொன்றிலும் 'நிரந்தர முகவரி' என்று ஒரு கோடு இருக்கும். முகாமில் இருந்தாலும், உறவினர் வீட்டு விறாந்தையில் இருந்தாலும், அந்தக் கோட்டில் நாம் எழுதியது எமது ஊரின் பெயரையே. ஆனால் அந்த ஊரின் நிலம் எப்படிப்பட்டது, தண்ணீர் எங்கிருந்து வருகின்றது, அங்கே யார் வாழ்ந்தார்கள், யார் போய்விட்டார்கள் என்று எமது பிள்ளைகள் கேட்டால் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? பாடப்புத்தகத்தில் நைல் நதியும் தேம்ஸ் நதியும் படிக்கும் பிள்ளைக்குத் தன் வீட்டுப் பின்வளவுக்கு அப்பால் இருக்கும் கடல்நீரேரியின் பெயர் தெரியாமல் இருக்கின்றது. ஆகவே இம்முறை கொடிகாமத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இரண்டு நீரேரிகளுக்கு நடுவே

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கி வந்தால், இருபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் கொடிகாமம் இருக்கின்றது. தென்மராட்சிப் பிரதேசத்தைச் சேர்ந்த இவ்வூர், உள்ளூராட்சியில் சாவகச்சேரி பிரதேச சபையின் கீழ் வருகின்றது. மேற்கே மீசாலை, கிழக்கே உசனும் மிருசுவிலும், வடக்கே வரணி, தெற்கே கச்சாய் என்பன அயற்கிராமங்கள்.

வடக்கே வரணிக்கு அப்பால் வடமராட்சிக் கடல்நீரேரி. தெற்கே கச்சாய்க் கரையில் யாழ்ப்பாணக் கடல்நீரேரி. இந்த இரண்டு நீர்ப்பரப்புக்களுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்திலேதான் ஊர் அமைந்துள்ளது. குடாநாட்டிலிருந்து தரைவழியாக வன்னிக்குப் போகும் பிரதான வீதியும் புகையிரதப் பாதையும் இந்த நிலத்தினூடாகவே செல்கின்றன. கச்சாயிலிருந்து கொடிகாமம், வரணி, முள்ளி ஊடாக வடமராட்சிக்குச் செல்லும் வீதி கண்டி வீதியை இங்கே குறுக்கறுக்கின்றது. எனவே கொடிகாமம் ஒரு சந்தி ஊர். சந்தை வளர்ந்ததற்கும் இதுவே காரணம். போர்க் காலத்தில் இவ்வூர் பட்ட பாட்டிற்கும் இதுவே காரணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. தொண்டைமானாறு, உப்பாறு என்று நாம் சொல்பவை பெயரளவில்தான் ஆறுகள். அவை கடலோடு தொடர்புடைய நீரேரிகள். எமக்குக் கிடைக்கும் நீர் எல்லாம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் வடகீழ்ப் பருவ மழையே.

அந்த மழை மணலினூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணக்கல்லின் இடுக்குகளிலும் துவாரங்களிலும் தங்குகின்றது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. ஆகையால் கீழே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் அது ஒரு படையாக மிதக்கின்றது. எமது கிணறுகளில் அள்ளுவது இந்த மிதக்கும் நன்னீரைத்தான். துலாவினாலும் கப்பியினாலும் அள்ளிய காலத்தில் அள்ளிய அளவிற்கு ஊறி வந்தது. இயந்திரம் பூட்டி ஒரேயடியாக இறைக்கும்போது நன்னீர்ப் படை மெலிந்து, அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறுகின்றது. நீரேரிக் கரையோரக் கிராமங்களில் கிணறு உவர்ப்பதற்கு முக்கிய காரணங்களில் இது ஒன்றாகும். ஒரு முறை உவர்த்த கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும். அதுவரை குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போவது யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வராத ஆறு

ஆறில்லாத குடாநாட்டிற்கு ஓர் ஆற்றை உண்டாக்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சு. ஆறுமுகம் அவர்கள் 1954ஆம் ஆண்டில் முன்வைத்த அத்திட்டம் 'யாழ்ப்பாணத்திற்கு ஓர் ஆறு' என்று அழைக்கப்படுகின்றது. கனகராயன் ஆறு வன்னியிலிருந்து ஆனையிறவு நீரேரிக்குள் வந்து விழுகின்றது. அந்த நீரேரியிற் கடல்நீர் புகாதபடி அணைகட்டி, அதை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டு செல்வதே அத்திட்டத்தின் சாரம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. ஆனையிறவுப் பகுதி வேலைகள் தொடங்கியும் முழுமை பெறவில்லை. பின்னர் போர் வந்தது.

அத்திட்டம் நிறைவேறியிருந்தால் கொடிகாமத்திற்கு வடக்கே, வரணியின் ஓரத்தில், நன்னீர் நின்றிருக்கும். சுற்றியுள்ள கிணறுகளின் உவர் குறைந்திருக்கும். போரின் பின்னர் இத்திட்டம் மீண்டும் பேசப்பட்டது. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்குக் குடிநீர் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் தமது வயல்களுக்கு நீர் போதாமற் போகும் என்று எதிர்த்தனர். இறுதியில் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை உற்பத்தி செய்யக்கூடியதாக அது அமைக்கப்பட்டுள்ளது. குழாய்நீர் வந்தாலும் தோட்டத்திற்கும் தென்னைக்கும் மாட்டுக்கும் கிணறுதான் கதி. எனவே கிணற்றைக் காப்பது இன்றும் எமது பொறுப்பாகவே இருக்கின்றது.

மணலும் தென்னையும் சந்தையும்

வலிகாமத்தின் செம்மண்ணைப் போலன்றி இங்குள்ள நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. தென்னை, பலா, மா என்பன நன்றாக வருகின்றன. பள்ளமான இடங்களில் மழையை நம்பிய நெல்வயல்கள் உண்டு. காலபோகம் ஒன்றுதான். புரட்டாதியில் புழுதியில் விதைத்து, தை மாசியில் அரிவு வெட்டுவது வழமை.

கொடிகாமம் சந்தையைத் தெரியாதவர் குடாநாட்டில் இல்லை. தேங்காய், பலாப்பழம், மாம்பழம் என்பன பருவ காலத்தில் இங்கே குவியும். கொழும்புக்குப் போகும் லொறிகள் இங்கே வந்து ஏற்றுவதும் உண்டு.

ஆனால் சந்தையைப் பற்றிப் பேசும்போது பெண்களின் உழைப்பு பெரும்பாலும் பேசப்படுவதில்லை. தேங்காய் பறிப்பவர் ஆண். பொறுக்கிச் சேர்ப்பவர் பெண். ஓலை விழுந்தால் அதை ஊறப்போட்டுக் கிடுகு பின்னுபவர் பெண். மட்டையை ஊறவைத்து அடித்துத் தும்பாக்குபவர் பெண். ஈர்க்கு வார்ந்து விளக்குமாறு கட்டுபவர் பெண். பனை ஓலையிற் கடகமும் பெட்டியும் நீத்துப்பெட்டியும் இழைப்பவரும் பெண்ணே. ஒரு தென்னை மரத்தில் இத்தனை வேலைகள் இருந்தும், 'அம்மா என்ன வேலை?' என்று படிவத்திற் கேட்டால் பிள்ளை 'வேலை இல்லை' என்று எழுதுகின்றது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இதனை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகின்றேன். வீட்டுக்கு வருமானம் தரும் வேலையை 'சும்மா இருப்பது' என்று நாமே சொல்லக்கூடாது.

தகரமும் ஓடும் வந்தபின் கிடுகின் தேவை குறைந்துவிட்டது. அண்மைய ஆண்டுகளில் வெள்ளை ஈயின் தாக்கம் தென்னைகளைப் பாதித்துள்ளது. போரில் வட்டு முறிந்த தென்னை மீண்டும் தளிர்ப்பதில்லை. புதிதாக நட்ட கன்று காய்ப்பதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். 2002இலும் 2010இலும் திரும்பி வந்த குடும்பங்கள் நட்ட கன்றுகளே இன்று பல வளவுகளில் காய்த்து நிற்கின்றன.

பெயரும் பழைமையும்

கொடிகாமம், வலிகாமம், வீமன்காமம், தம்பகாமம், பனங்காமம் என்று 'காமம்' என முடியும் ஊர்கள் எமது பகுதியிற் பல. இச்சொல் கிராமத்தைக் குறிக்கும் பழைய பாளி, பிராகிருதச் சொல்லோடு தொடர்புடையது என்பது ஆய்வாளர் கருத்து. நாம் இன்றும் பயிர்ச்செய்கையைக் 'கமம்' என்கின்றோம். 'கொடி' என்பதைப் படரும் கொடி என்பாரும் பறக்கும் கொடி என்பாரும் உளர். தென்மராட்சி, வடமராட்சி என்ற பெயர்களை 'மறவர் ஆட்சி' என்பதிலிருந்து வந்தவை என்று சொல்வது மரபு.

பழைய நாளில் பெயர் பெற்றிருந்தது கச்சாய்த் துறையே. ஒல்லாந்தர் காலத்தில் இங்கிருந்த போதகர் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில், தென்மராட்சியின் தேவாலயங்களில் நாவற்குழி, சாவகச்சேரி, வரணி, எழுதுமட்டுவாள் என்பவற்றோடு கச்சாயும் குறிப்பிடப்படுகின்றது. ஒல்லாந்தர் காணிகளைப் பதிந்த தோம்பு என்னும் ஏடுகளின் வழக்கம் எமது உறுதிகளிலும் தொடர்கின்றது. ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அளவு பரப்பிற் சொல்லப்படும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்.

கடல்வழியின் இடத்தைப் புகையிரதம் பிடித்தது. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை பாதை திறக்கப்பட்டது. 1905இல் அது தெற்குப் பாதையோடு இணைந்தது. கொடிகாமம் புகையிரத நிலையத்தைச் சுற்றிக் கடைகளும் சந்தையும் பெருகின. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பின்னர் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, இருபத்துநான்கு வயதுவரை புகையிரதத்தையே காணாத ஒரு தலைமுறை கொடிகாமத்தில் வளர்ந்திருந்தது.

கண்ணகையும் பங்குனித் திங்களும்

தென்மராட்சியில் கண்ணகை வழிபாடு ஆழமாக வேரூன்றியது. வரணியில் சுட்டிபுரம் கண்ணகை அம்மன், மட்டுவிலில் பன்றித்தலைச்சி கண்ணகை அம்மன் ஆகிய ஆலயங்கள் யாவரும் அறிந்தவை. பங்குனித் திங்களிற் பொங்குவதற்குப் பெண்கள் பெருந்தொகையாக மட்டுவிலுக்குச் செல்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடாநாட்டின் சில கண்ணகை கோயில்கள் இராஜராஜேஸ்வரி முதலிய பெயர்களுக்கு மாறின. ஆயினும் இங்கே கண்ணகை என்ற பெயர் நிலைத்தது.

கண்ணகை யார்? குற்றமற்ற கணவனைப் பறிகொடுத்து, அரசனிடம் போய் நியாயம் கேட்ட பெண். அவளைக் கும்பிடும் சமூகத்தில் கணவனை இழந்த பெண்ணை மங்கல காரியங்களில் ஒதுக்கி வைப்பது எந்த வகையில் நியாயம் என்று நாம் கேட்க வேண்டும்.

இடம்பெயர்ந்த ஊர், இடம் கொடுத்த ஊர்

1990 ஒக்டோபரில் சாவகச்சேரி உட்பட யாழ் மாவட்டத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஊரின் வரலாற்றைச் சொல்லும்போது இதனை மறைத்துச் சொல்லமுடியாது. எம்மைப் போன்ற தாய்மாரும் பிள்ளைகளுமே அன்று வெறுங்கையோடு போனார்கள்.

1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தபோது, மக்கள் கொடிகாமம் பகுதியைக் கடந்து கிளாலிக்குச் சென்று, இரவிற் படகேறி நீரேரியைக் கடந்தனர். 1993 ஜனவரியில் அந்த நீரேரியிற் பலர் கொல்லப்பட்டனர்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தார்கள். பாடசாலை, கோயில், மரநிழல் எங்கும் சனம். ஒரு வீட்டில் பத்துக் குடும்பம் இருந்தது. கிணறுகள் வற்றின. அந்த நாட்களில் கொடிகாமத்து வீடுகளில் உலை வைத்தவர்கள், வந்தவருக்கும் சேர்த்தே அரிசி போட்டார்கள். 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சியைக் கைப்பற்றியது. வந்தவரிற் பலர் வலிகாமம் திரும்பினர்.

2000 ஏப்ரலில் ஆனையிறவுத் தளம் வீழ்ந்தபின் இடம் கொடுத்த ஊரே இடம்பெயர்ந்தது. தென்மராட்சி போர்க்களமாகியது. சாவகச்சேரி நகரம் தரைமட்டமாகியது. மக்கள் வடமராட்சிக்கும் வலிகாமத்திற்கும் வன்னிக்கும் சிதறினர். நாகர்கோவில், முகமாலை, கிளாலி என்ற முன்னரங்கக் கோட்டிற்குப் பின்புறம் கொடிகாமமும் அயற்கிராமங்களும் ஆளற்றுக் கிடந்தன.

வீடு எப்படி இருக்கின்றது என்று பார்த்துவரப் போனவர்களின் கதை எமக்குத் தெரியும். 2000 டிசம்பர் 19ஆம் திகதி மிருசுவிலில் தமது வீடுவளவைப் பார்க்கச் சென்றவர்களிற் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். ஐந்து வயதுக் குழந்தையும் அவர்களுள் ஒருவர். தப்பிவந்த ஒருவரின் சாட்சியமே உண்மையை வெளிக்கொணர்ந்தது. 2015 ஜூனில் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் ஒருவருக்கு மரணதண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்பில் அவர் விடுதலையானார். பதினைந்து ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களுக்குக் கிடைத்தது அவ்வளவே.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் கைச்சாத்தாகியது. ஏப்ரல் 8ஆம் திகதி கண்டி வீதி திறந்தது. மக்கள் திரும்பிக் காடு வெட்டிக் குடியமர்ந்தனர். 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் மீண்டும் சண்டை தொடங்க வீதி மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்த மக்கள் கொடிகாமம் இராமாவில் முகாமிலும் தங்க வைக்கப்பட்டனர்.

கிழக்கே முகமாலைப் பகுதி நாட்டிலேயே மிகச் செறிவாகக் கண்ணிவெடி விதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அங்கே முழந்தாளில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிண்டி வெடிகளை அகற்றியவர்களிற் பெருந்தொகையானோர் பெண்கள். குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பலர் ஹலோ ட்ரஸ்ட், டாஷ் போன்ற நிறுவனங்களில் இவ்வேலையைச் செய்துள்ளனர். பிறர் பயமின்றி நடப்பதற்காகத் தம் உயிரைப் பணயம் வைத்த இப்பெண்களின் பெயரில் ஒரு வீதியாவது இருக்கின்றதா?

இன்று இங்கே யார் இருக்கின்றோம்?

1981 குடிசன மதிப்பீட்டில் இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தனர். 2012இல் அத்தொகை சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். முப்பது ஆண்டுகளில் நாட்டின் சனத்தொகை கூடியபோது எமது மாவட்டத்தில் ஒன்றரை இலட்சம் பேர் குறைந்திருந்தனர். கொல்லப்பட்டோர், காணாமற் போனோர், கொழும்புக்கும் இந்தியாவுக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனோர் எல்லோரும் இந்தக் குறைவில் அடக்கம். இருப்போரிற் பெண்கள் ஆண்களைவிட அதிகம். முதியோர் பலர் தனித்திருக்கின்றனர்.

ஊருக்குள் நடந்தால் இதனைக் கண்ணாலே காணலாம். ஒரு வளவில் பூட்டிய வீடு, சொந்தக்காரர் வெளிநாட்டில். அடுத்த வளவில் பேரப்பிள்ளையோடு ஓர் ஆச்சி. அதற்கடுத்ததில் கணவன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய். எனது களப்பணியில் நான் அதிகம் சந்திப்பது இத்தாய்மாரையே. அவர்களின் முதற் கவலை சாப்பாடு அல்ல, காணி. வீட்டுத்திட்டம் வந்தால் உறுதி கேட்கின்றார்கள். உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருக்கும், அல்லது காணாமற் போன கணவரின் பெயரில் இருக்கும். காணியே இல்லாத குடும்பங்களின் நிலை இன்னும் கடினமானது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, காணி. உறுதி தொலைந்திருந்தால் காணியின் பெயர், நான்கு எல்லைக்காரர், எழுதிய நொத்தாரிசு, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றை வீட்டிலுள்ள முதியவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். இவ்விபரங்கள் இருந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி பெறுவது இலகு. முதியவர் காலமானபின் கேட்பதற்கு ஆள் இல்லை.

தேசவழமையின் கீழ் வரும் மணமான பெண் தனது சீதனக் காணியைக்கூட விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் இல்லாதபோது மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. காணாமற் போனவரை இறந்தவர் என்று பதிய மனம் ஒப்பாதவர்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி காணப்படாமைச் சான்றிதழ் பெறலாம். அது மரணச் சான்றிதழ் அல்ல. அதைப் பெறுவதால் தேடும் உரிமை இல்லாமற் போவதில்லை. பல சகோதரிகள் இதனை அறியாமல் இருக்கின்றனர்.

இரண்டாவது, கிணறு. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடிக்குக் குறையாத தூரம் இருக்கட்டும். மழைநீரை ஒழுங்கைக்கு ஓடவிடாமல் வளவுக்குள் பாத்தி கட்டி மறியுங்கள். கோடையில் ஒரே மூச்சில் இறைக்காமல் இடைவிட்டு இறையுங்கள்.

மூன்றாவது, நினைவு. சந்தையிற் கடகத்தோடு இருந்த ஆச்சி, 1995இல் முற்றத்தைத் திறந்துவிட்ட மாமி, முகமாலையில் வெடி அகற்றிய அக்கா ஆகியோரின் கதைகள் எந்த ஏட்டிலும் இல்லை. மாதர் சங்கக் கூட்டங்களில் மாதத்திற்கு ஒருவரைப் பேசவிட்டு, எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள். பெயர் வெளியிட விரும்பாதவரின் பெயரை எழுத வேண்டாம். ஆண்டும் இடமும் இருந்தாற் போதும். அந்தக் கொப்பியைச் சங்க அலுமாரியில் மற்றப் பதிவேடுகளோடு சேர்த்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்குக் கொடிகாமத்தின் வரலாற்றை எழுதுபவருக்கு அது உதவும்.